கடைசிக் கூறு

அடி அண்ணாமலை
10-3-2024

டேய் தவுடு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கை எழுதிவிட்டது. சகாதேவன் என்று எழுதினால் யாரோ ஆபீசருக்கு எழுதுவது மாதிரி இருக்கிறது. உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று அம்மா உன்னை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொட்டித் திரும்ப வாங்கினாள். அப்படி வாங்கின உயிர் நீ. உன்னைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரிந்தது. உன் மாமாவை, என் புருஷனைக் காப்பாற்றத்தான் யாருக்கும் தெரியவில்லை.

இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே. ஏழு மாசமாக நீ அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் என் கோபம் போய்விடும். எனக்கு அந்தக் கோபம் வேண்டும். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். சொல்ல வேண்டியதைக் கடுதாசியில் எழுது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

நடந்ததை யார் யாரோ சொல்லி நீ கேட்டிருப்பாய். இப்போது நான் சொல்லிக் கேள்.

போன ஆடியில், குலசாமிக்குப் படையல் போட்ட ஞாயிற்றுக்கிழமை, உன் மாமாதான் ஆட்டை உரித்தார். நீ நமீபியாவிலிருந்து அனுப்பிய அந்தக் கத்தியால் உரித்தார். காவிக் கலர் பிடி போட்ட கத்தி. மொக்கையானால் பிளேடைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளும் கத்தி. வழக்கம் போல இருபத்தொரு வீட்டுக்கும் இருபத்தொரு கூறு போட்டார். ஈரல், கழுத்து, தொடை எல்லாவற்றிலும் எல்லாருக்கும் ஒரு துண்டு. பங்காளிகள் எல்லாரும் இலையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். வெட்டுகிறவன் தனக்கென்று கூறு பொறுக்கக் கூடாது, கடைசியில் மிஞ்சுவதுதான் அவன் கூறு. அதை என்னிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

கத்தியைக் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். பிளேடின் முனையைக் காணோம். அரை விரல் நீளம். யார் கூறில் போனது என்று தெரியவில்லை. குழந்தைகள் இருக்கிற வீடுகள். மொபெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கொடுத்த கூறைத் திரும்பக் கேட்டார். அடுப்பில் ஏற்றியதைக்கூட இறக்கச் சொல்லி வாங்கினார். எனக்குப் போன் பண்ணி, நம் கூறை அடுப்பில் ஏற்றாதே என்றார். அவ்வளவுதான் பேசினார். பத்தொன்பது வீடு முடித்துவிட்டார். கடைசி வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதுசாகக் கட்டிக்கொண்டு போன குமரேசன் வீடு. அங்கே போகிற வழியில், நம் ஊர் வளைவிலேயே, வேன் அடித்துவிட்டது.

முனை எங்கே இருந்தது தெரியுமா? நம் கூறில் இருந்தது. கழுத்துக் கறியில். நான் கையை விட்டுத் தேடி எடுத்தேன். கிடைத்துவிட்டது, வாங்க என்று சொல்லப் போன் அடித்தேன். யாரோ ஒரு ஆள் எடுத்து, "இந்த நம்பர் யாருதும்மா?" என்று கேட்டான்.

சாவுக்கு நீ வரவில்லை. பெர்மிட் கிடைக்கவில்லை என்றாய். பங்காளி வீட்டுப் பையன் அருள்ராஜ் போனில் உன் முகத்தைக் காட்டினான். நீ அழுதாய். உன் பின்னால் ஏதோ மிருகத்தின் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. என் புருஷன் பாடையில் கிடக்கும்போது நீ தோல் தொங்குகிற இடத்தில் நின்று அழுதாய். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். இந்த ஆடியில் இருபது கூறுதானாம். பெரியவர் இருசப்பன் என் வாசலில் நின்றே சொன்னார். "சாமிக்கு வெட்டனதுல உன் புருஷன் சக்கரவர்த்தி இரும்பப் போட்டான். குடுத்த கூற திருப்பி வாங்கனான். எந்த வம்சத்துலயாவது உண்டா? அதான் சாமி அன்னைக்கே கணக்கு தீத்துக்கிச்சு. புள்ளையும் இல்ல, ஆளும் இல்ல, உனக்கு எதுக்கும்மா கூறு?"

முப்பது வருஷம் அவர்களுக்கு வெட்டின மனுஷனுக்கு இதுதான் பேச்சு. கையில் ஒரு கீறல் படாமல் வெட்டினவர், கவனம் கெட்டவராம்.

நீ ஒரு கடுதாசி எழுத வேண்டும். அந்தக் கத்தியைப் பார்த்து வாங்கி அனுப்பியது நான், குற்றம் கத்தியில்தான், அதாவது என்னிடம்தான், என் மாமாவிடம் இல்லை என்று எழுத வேண்டும். ஆடு வெட்டுவதற்கு முன்னால் அதை நான் எல்லார் முன்னாலும் படிப்பேன். அவர் பேருக்கு ஒரு கூறு வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு உன்னிடம் வேண்டாம்.

சந்திரம்மாள்

*

நமீபியா
2-4-2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் படித்தேன்.

திட்டு. நீ திட்டாமல் யார் திட்டுவது? ஆனால் நான் ஏதோ விளையாட்டுச் சாமான் அனுப்பியது போல எழுதியிருக்கிறாய். அது நியாயமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது மாமாதான் கேட்டார். "மச்சான், பாதி நாளு கத்திய தீட்டறதுலயே பூடுது. உங்க ஊர்ல தீட்டாத கத்தி ஏதாச்சும் கீதா?" என்றார். நீ பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். "அவனே அங்க சமையலுக்குப் போய் தோலுரிக்கிறான், அவனப் போய் கேளு" என்று சிரித்தாய். ஞாபகம் இருக்கிறதா?

இங்கே வெளிநாட்டுக்காரர்கள் அரசாங்க அனுமதியோடு பெரிய மிருகங்களை வேட்டையாடுகிறார்கள். சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்க வேண்டும். மாட்டைவிடப் பெரிய மான் உண்டு. வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால் கறி கெட்டுவிடும். நின்று தீட்ட நேரம் இருக்காது. அதற்காகத்தான் பிளேடு மாற்றுகிற கத்தி. புல்லில் விழுந்தால் தெரிய வேண்டும் என்று அந்தக் கலர்ப் பிடி.

டவுன் கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன் அக்கா. மூன்று கத்தி வைத்தார்கள். ஒன்று, பிளேடுக்குப் பின்னால் முதுகு மாதிரி ஒரு கனத்த இரும்பு ஓடும். பிளேடு வளையாது. ஆனால் அகலம். பெரிய மிருகத்துக்குச் சரி, ஆட்டின் கால் மடிப்பில் நுழையாது என்று நினைத்தேன். இன்னொன்றில் ரம்பமும் இருந்தது, மாமா சிரிப்பார். மூன்றாவதில் பிளேடு தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், ஆஸ்பத்திரிக் கத்தி போல மெலிசு. அதைப் போல அறுப்பது எதுவும் இல்லை. மாமாவின் கைக்கு அதுதான் என்று எடுத்தேன். மாமாவின் கையை நினைத்துத்தான் எடுத்தேன்.

மெலிசு என்பதால்தான் கூடவே ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்தேன். ஒரு ஆட்டுக்கு ஒரு பிளேடு. உரித்து முடித்ததும் அதை எறிந்துவிட வேண்டும், பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் எறிய வேண்டும். எலும்பு மூட்டைப் பிரிக்கப் பழைய கத்தியைத்தான் எடுக்க வேண்டும், இதை மூட்டில் விட்டுத் திருகக் கூடாது. மாமாவுக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். உனக்காகத்தான் எழுதினேன். நீ அதை அவருக்குப் படித்துக் காட்டினாயா?

குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

பங்காளிகளுக்கு நான் எழுதுகிற கடிதத்தால் என்ன ஆகும்? பெரியவர் இருசப்பன் என்னை எப்போது மனுஷனாக மதித்தார்? போனை எடு அக்கா. ஒரு தடவை.

உன் தம்பி
சகாதேவன்

*

அடி அண்ணாமலை
25-4-2024

சகாதேவா,

குற்றம் சொல்லவில்லை, கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். போலீஸ்காரனும் அப்படித்தான் கேட்டான். "உங்க வீட்டுக்காரர் குடிப்பாராம்மா? குத்தம் சொல்லல, கேக்கறேன்" என்றான். நீயும் அவனும் ஒன்றாகப் படித்தீர்களா?

படித்துக் காட்டினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கோயிலில் கதை கேட்கிறவர் மாதிரி கேட்டார். "திருகக் கூடாதாமா? சரி. எறியணுமாமா? அடப்பாவி, இவ்ளோ நல்லா கீதே, இதயா எறியணும்?" என்றார். ஆனாலும் எறிந்தார். நீ சொன்னால் அவருக்கு அது சட்டம். என் தம்பி பேச்சை என்னைவிட அதிகமாகக் கேட்ட மனுஷன் அவர்.

மூட்டில் திருகினார், அதனால்தான் உடைந்தது என்று நீ சொல்ல வருகிறாய். நேராகச் சொல்லேன். முப்பது வருஷம் ஒரே மாதிரி திரும்பின மணிக்கட்டு, கழுத்து மூட்டில் ஒரு நிமிஷம் பழைய ஞாபகத்தில் திரும்பியிருக்கும். அதற்கு ஒரு மனுஷன் செத்துப்போக வேண்டுமா? திருகினால் உடைகிற கத்தியை, திருகித் திருகியே வெட்டிப் பழகினவருக்கு எவனாவது அனுப்புவானா? முதுகு வைத்த கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன் என்கிறாய். முக்கால் மணி நேரம் நின்றாயாம். நின்று நின்று உடைகிறதைப் பொறுக்கி எடுத்தாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். போன வாரம் அருள்ராஜ் வந்தான். இருசப்பன் மகன்தான். இனிமேல் அவன்தான் ஆட்டை உரிக்கப் போகிறானாம். "சித்தி, சித்தப்பா வெச்சிருந்த கத்தி சும்மாதான கீது? பிளேடு மிச்சம் இருந்தா குடேன்" என்றான். அப்பன் என் வாசலில் நின்று சாமி குத்தம் என்கிறான். மகன் அதே கத்தியைக் கேட்கிறான். நான் சொன்னேன், "உங்கப்பன் வாயில ஒரு பிளேட மாட்டி வெச்சிருக்கான் சாமி, அத எடுத்துக்கோ. தீட்டவே தேவல்ல." அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் கெட்டவன் இல்லை. "அப்ப கடையில எத வாங்கறதுன்னாச்சும் உன் தம்பிய கேட்டு சொல்லு சித்தி" என்றுவிட்டுப் போனான். கேட்டாகிவிட்டது. இஷ்டம் இருந்தால் சொல்.

வீடு வீடாகப் போனாரே உன் மாமா, எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான் பேசினாராம். "புது பிளேடுதாண்ணா போட்டேன். எப்படி உடைஞ்சதுன்னே தெரியல. புது பிளேடு." பத்தொன்பது வீட்டிலும் சொல்லியிருக்கிறார். இப்போது அதையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "பொய் சொல்லிக்கினே போனான்" என்கிறார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. நீ எழுத வேண்டியதை எழுது. எழுதாவிட்டால் உனக்கு அக்கா இல்லை.

சந்திரம்மாள்

*

நமீபியா
20-5-2024

அக்கா,

இத்துடன் தனித் தாளில் பங்காளிகளுக்கு எழுதியிருக்கிறேன். நீ கேட்டபடியே எழுதினேன். கத்தியை நான்தான் தேர்ந்தெடுத்தேன், தவறானதைத் தேர்ந்தெடுத்தேன், என் மாமா கையில் குற்றமில்லை என்று. கையெழுத்தும் போட்டிருக்கிறேன். படித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று ஒரு பெரிய மானை இறக்கினார்கள். நான் பிளேடு மாற்றும்போது புதுசைக் கீழே போட்டுவிட்டேன். கூட வேலை செய்கிற பெரியவர் கத்தியை வாங்கிக்கொண்டு என்னை உட்கார வைத்தார். அவருக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பழைய பிளேடு போடுகிற டப்பாவையும் சேர்த்து அனுப்பினாயா?"

இங்கே கொட்டகையில் ஒரு தகர டப்பா ஆணி அடித்து வைத்திருக்கிறது. உண்டியல் மாதிரி மூடியில் ஒரு கீறல்தான் இருக்கும். பழசைக் கழற்றினதும் அதில் போட்டுவிடுவோம். போட்டதை யாரும் எடுக்க முடியாது. ஏன் என்றால், ஒரு மிருகத்தை உரித்த பிளேடுக்கும் புதுசுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. துடைத்தால் அதே பளபளப்புத்தான். கண்ணுக்குத் தெரியாத வளைவு அதில் விழுந்திருக்கும். பழசு புதுசோடு கலந்துவிட்டால் மனுஷனால் பிரிக்க முடியாது.

பிளேடு அனுப்பினேன், டப்பா அனுப்பவில்லை. எறிந்துவிடு என்று எழுதினேன், எங்கே எறிவது என்று எழுதவில்லை. நம் வீட்டில் எதையாவது எறிந்து பார்த்திருக்கிறோமா அக்கா? எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கத்தியில் இல்லை என் தப்பு, இதில்தான். இதை அந்தத் தாளில் எழுதவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அருள்ராஜிடம் சொல். முதுகு உள்ள கத்தியாகப் பார்த்து வாங்கட்டும். அகலமாக இருந்தால் பரவாயில்லை, கை பழகிக்கொள்ளும். பிளேடு மாற்றும்போது விரலால் இழுக்காமல் குறடால் பிடித்துக் கழற்றட்டும். கீறல் போட்ட டப்பா ஒன்றைத் தயார் பண்ணிவிட்டு அப்புறம் கத்தியை வாங்கட்டும்.

போனை எடுக்க வேண்டாம். கடிதமாவது எழுது.

தவுடு

*

அடி அண்ணாமலை
14-8-2024

தவுடு,

மூன்று மாசம் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், அந்த டப்பா வந்து எதிரில் உட்கார்ந்துகொள்ளும். எழுந்துபோய்விடுவேன். டப்பா, டப்பா என்று ஏனடா எழுதினாய்? நீ பாட்டுக்கு உன்னைத் திட்டிக்கொள்வதாக நினைத்து எழுதிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை படையல் முடிந்தது. உன் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். ஆட்டுக்கு மஞ்சத் தண்ணி தெளிப்பதற்கு முன்னால் குறுக்கே போய் நின்றேன். இருசப்பன், "இது ஏதோ கடுதாசி வெச்சிருக்குதாம். படி, படிச்சிட்டு தள்ளி நில்லு" என்றார். இருபது வீட்டு ஆட்களும் நின்றார்கள். நான் எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படித்தேன். "இந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவன் நான். என் மாமா கையில் குற்றமில்லை." அதற்கு மேல் எனக்குப் படிக்க வரவில்லை. எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. வாய்தான் வரவில்லை.

தாளை மடித்துவிட்டேன். மடித்துவிட்டுச் சொன்னேன்.

உன் மாமா ஒவ்வொரு ஆட்டுக்கும் பிளேடைக் கழற்றித் தாளில் சுற்றி, குப்பையில் போடு என்று என் கையில்தான் கொடுத்தார். நான் போடவில்லை. துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அது வந்த மெழுகுத் தாளிலேயே மடிப்பு மாறாமல் சுற்றி, புதுசு இருந்த டப்பாவில் திரும்ப வைத்தேன். கஞ்சத்தனம் என்று நினைக்காதே. அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "மச்சான் அனுப்பனது, தீந்து போவப் போவுது பாரு" என்று முகம் வாடும். தீராமல் இருக்கட்டும் என்று வைத்தேன். நான்கு ஆட்டுக்கு அப்புறமும் டப்பா நிறைந்தே இருந்தது. "நல்லா தாராளமா வெச்சி அனுப்பிருக்கான்" என்று உன்னைப் புகழ்ந்தார். நான் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டேன்.

ஆகவே அன்றைக்கு அவர் போட்டது புது பிளேடு இல்லை. ஆனால் புது பிளேடு என்று அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதைத்தான் அங்கே நின்று சொன்னேன். "அவரு உங்ககிட்ட பொய் சொல்லல. நான்தான் அவருகிட்ட சொல்லல."

ஆடு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. இருசப்பன் பெண்சாதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டி சந்திரா, கையில கடுதாசிய வெச்சிக்கினு இத ஏண்டி சொல்ற? அத படிச்சிட்டு போயிருந்தா தெரிஞ்சிருக்குமா எங்களுக்கு?"

இருசப்பன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார். "இருபத்தொண்ணா போடு. அந்த கூறு சக்கரவர்த்தி பேருக்கு. இந்தம்மா கையில குடுக்காதீங்க. அவன் போட்டோ எதிர்ல கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க."

என் கையில் கொடுக்காதீர்கள் என்றார். முப்பது வருஷம் அவர் வீட்டுக் கறியும் சேர்த்து வெட்டினவரின் பெண்சாதி கையில் கொடுக்கக் கூடாதாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் பேருக்குக் கூறு கேட்டுத்தானே போனேன். கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அருள்ராஜ் முதுகு உள்ள கத்திதான் வாங்கியிருக்கிறான். நான் ஒரு பால் பவுடர் டப்பா மூடியில் கீறல் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, நாலு நாள் முன்னாடியே அவனிடம் கொடுத்திருந்தேன். உரித்து முடித்ததும் பிளேடை என் கண் முன்னால் அதில் போட்டான். டொக்கென்று ஒரு சத்தம். அவ்வளவு சுலபமான வேலை, தவுடு. ஒரு டொக். அவனே இலையைக் கொண்டுவந்து போட்டோ எதிரில் வைத்தான். வெட்டுகிறவன் எடுக்க வேண்டிய கடைசிக் கூறையே கொண்டுவந்திருந்தான். "இது சித்தப்பாவோடதுதான் சித்தி, நான் வேற எடுத்துக்கினேன்" என்றான். அப்பனுக்குத் தெரியாது.

ஒரு வருஷமாக உன்னைத் திட்டினேன். அந்த வேன்காரனைத் திட்டினேன், பங்காளிகளைத் திட்டினேன், சாமியையும் திட்டினேன். திட்டித் திட்டி, என் பக்கம் யாரும் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டேன். உன்னைத் திட்டினதில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. சாவுக்கு நீ வராததை நான் மன்னிக்கவில்லை. அதற்கு நேரில் வந்து திட்டு வாங்கு.

இதை மட்டும் பங்காளிகளிடம் சொல்லவில்லை. போன் பண்ணினார், நம் கூறை அடுப்பில் ஏற்றாதே என்றார், அவ்வளவுதான் பேசினார் என்று உனக்கு எழுதினேன் இல்லையா? அவ்வளவுதான் இல்லை. மொபெட் இரைச்சலில் இன்னொன்றும் கேட்டார்.

"சந்திரா, புது பிளேடுதான் போட்டேன், நடுவுலயே ஒடிஞ்சிருக்குது. அந்த டப்பாவுல யாராச்சும் கை வெச்சாங்களா?"

"இல்லியே. யாரு வெப்பாங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் மொபெட் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் "சரி" என்றார். வைத்துவிட்டார். அப்புறமும் மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறார், அந்த மூன்று வீட்டிலும் புது பிளேடு என்றுதான் சொல்லியிருக்கிறார். விசாரித்துவிட்டேன்.

உனக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் எதை எந்தக் குரலில் சொல்வார் என்று என்னைவிட உனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். நான் சொன்ன அந்த "இல்லியே"யை அவர் நம்பித்தான் "சரி" என்றாரா, தவுடு?